தலைமாட்டில் வைக்கும் பெட்டி

அன்புள்ள கதிர்,

அம்மாவின் முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்களுக்குப் பெரிய நிம்மதி. வீட்டுக்குள் நாலு அடி நடக்கிறார் என்றால் மீதி தானாக வந்துவிடும். இங்கே ஷுகர்லேண்டில் எல்லோரும் நலம். மூத்தவள் கார் ஓட்டப் பழகுகிறாள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது நான்தான்.

உங்கள் தெருவில் நகைக்காக வீடு புகுந்தார்கள் என்றால் நீ பயந்ததில் தப்பே இல்லை. ஆனாலும் கைத்துப்பாக்கி வாங்கிவிட்டேன் என்று எழுதியதைப் படித்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. என் எண்ணமும் அதுதான். சரி, வாங்கியாகிவிட்டது. அலமாரி மேல்தட்டில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அலபாமாவில் துப்பாக்கி இருக்கும் வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 100க்கு 39 பேருடைய பிள்ளைகள் தெரியும் என்றார்கள். அதைத் தொட்டதே இல்லை என்று நம்பியவர்களில் ஐந்தில் ஒருவருடைய பிள்ளை ஏற்கெனவே கையில் எடுத்துப் பார்த்திருந்தது. உன் நிலா ஸ்டூல் போட்டு பிஸ்கட் டப்பாவை எடுத்த கதையை நீதானே எழுதினாய்!

சட்டமும் இருக்கிறது. நாம் இருக்கும் டெக்சாஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு, தோட்டா நிரப்பிய துப்பாக்கி நம் அஜாக்கிரதையால் போனாலே குற்றம். அது வெடித்து யாருக்காவது உயிர் போனாலோ பலத்த காயம் ஆனாலோ ஓராண்டு வரை சிறை.

துப்பாக்கியைப் பூட்டி வைக்க, விரல் வைத்தால் திறக்கும் கைரேகைப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அது வேண்டாம். 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரெஸ் என்ற நிறுவனம் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது. ரேகையைப் பதிவு செய்துவிட்டோம் என்று வாங்கியவர் நினைத்திருப்பார், உள்ளே பதிவாகியிருக்காது. பதிவாகாத பெட்டி யார் விரல் வைத்தாலும் திறக்கும். வைத்தவருக்குத் தன் விரலுக்குத் திறக்கிறது என்பது மட்டும் தெரியும், அடுத்தவர் விரலை வைத்துப் பார்த்திருக்கமாட்டார். ஒரு 12 வயதுப் பையனின் சாவு அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வேறு சில நிறுவனங்களின் பெட்டிகளும் இதே குறைக்காகத் திரும்பப் பெறப்பட்டன.

எண் பலகை வைத்த மலிவான பெட்டிகளுக்கு வேறொரு பலவீனம். உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் போட்ட ஒரு சின்ன ஊசி. பெட்டியைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று போட்டால் அந்த ஊசி ஒரு நொடி துள்ளும், கதவு திறந்துகொள்ளும். பூட்டு ஆராய்ச்சியாளர் மார்க் வெபர் டோபியாஸும் கூட்டாளிகளும் இதை 2012இல் லாஸ் வேகாஸ் மாநாட்டில் காட்டினார்கள். சில பெட்டிகளை மூன்று வயதுக் குழந்தையே திறந்ததை வீடியோவும் எடுத்திருந்தார்கள். ஆகவே கடையில் கையில் வாங்கியதும் பூட்டிவிட்டு நன்றாகக் குலுக்கிப் பார், மேசையில் தட்டிப் பார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

நான் சொல்வது சிம்ப்ளெக்ஸ் பூட்டு உள்ள பெட்டி. ஐந்து பட்டனை நாம் வைத்த எண்படி அழுத்தினால் திறக்கும், பேட்டரி கிடையாது, மின்சாரமே கிடையாது. இருட்டில் தடவியே திறக்கலாம். ராத்திரி அவசரத்துக்குச் சட்டென்று திறக்குமா என்று கேட்டிருந்தாயே, தினமும் கொஞ்சம் பழகினால் சில நொடிதான் ஆகும், அது போதும். ஆயிரத்துக்குச் சற்று மேல் சேர்க்கைகள் உண்டு. தப்பாக அழுத்தினால் பூட்டிக்கொண்டு காத்திருக்க வைக்காது, அது ஒரு குறை. பொறுமையாக உட்கார்ந்து முயலும் பையனுக்கு இடம் கொடுக்காதே. கம்பெனியிலிருந்து வரும் எண்ணை முதல் நாளே மாற்று. தகடு 10 கேஜ் பார், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன், 16 என்றால் பாதிகூட இல்லை. விலை 300 டாலரை ஒட்டி வரும், யோசிக்காதே. அப்புறம், அதைச் சுவருக்குள் இருக்கும் மரக்கட்டையிலோ கட்டில் சட்டத்திலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சும்மா வைத்தால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். சாவி உள்ள பெட்டி என்றால் மாற்றுச் சாவி வீட்டில் இருக்கவே கூடாது, ஆபீஸ் டிராயரில் போடு.

நிலாவைவிட எனக்குக் கவலை ஆதியைப் பற்றித்தான். 13 வயது. இந்த நாட்டில் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எடுப்பது சொந்த வீட்டுத் துப்பாக்கியைத்தான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நீ சொல்வாய், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வயதில் ஒரு கெட்ட மாலைப்பொழுது யாருக்கும் வரும். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கும் வீடுகளில் அந்த ஆபத்து குறைவாக இருப்பதை 2005இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் தோட்டாவுக்கு இன்னொரு சின்னப் பெட்டி வாங்கு. சில நொடி கூடும், கூடட்டும். எண் உனக்கும் மீனாவுக்கும் மட்டும் தெரியட்டும், பிறந்தநாள் எண்ணாக வைக்காதே. அவன் முகம் வாடி நாலு நாள் போனால் துப்பாக்கியையே வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிடு, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பெட்டி வந்து சேரும்வரை, துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டும் கேபிள் பூட்டு போட்டு வை. பல போலீஸ் நிலையங்களில் இலவசமாகத் தருகிறார்கள், நாளைக்கே போய்க் கேள். அடுத்த மாதம் வேலை விஷயமாக டாலஸ் வருகிறேன், டிரில்லும் கொண்டுவருகிறேன். போல்ட்டை நாம் இரண்டு பேருமாகப் போடலாம். மீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
சேகர்