பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

பாகான் செராய்
5.5.2025

இயேசுவுக்கே புகழ்.

பாப்பா,

தம்பி நாளைக்குக் கோலாலம்பூர் வருகிறான். அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. ஊறுகாயில் உப்பு கொஞ்சம் தூக்கல். வெயில் படுகிற இடத்தில் வை.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு பூசையை விட்டுவிடாதே. பெந்தெகொஸ்தே ஜூன் 8. அதுவரைக்கும் பாஸ்காக் காலம்தான், ஈஸ்டர் முட்டையோடு முடிந்துபோகவில்லை. பாப்பரசர் அடக்கத்தை டிவியில் பார்த்தோம். சாதாரண மரப்பெட்டி. அப்பா அழுதார். புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கப் புதன்கிழமை கர்தினால்மார் உள்ளே போகிறார்களாம்.

நம் பக்கம் பெரிய வெள்ளிக்கு லீவு கிடையாது, சபா சரவாக்குக்குத்தான் உண்டு. ஆனாலும் நீ லீவு போட்டு வந்தாய். சிலுவைப் பாதையில் நீ வாசித்தபோது, “யார் வீட்டுப் பிள்ளை?” என்று பின்வரிசையில் கேட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காத மாதிரி இருந்தேன், ஆனால் காதில் விழுந்தது.

அப்படி வாசித்த பிள்ளை மறுநாள் சனிக்கிழமை ராத்திரி நற்கருணைக்கு எழுந்திருக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பும்போது உன்னைத் தாண்டித்தான் என் இடத்துக்கு வந்தேன். நீ காலை ஒதுக்கினாய், முகத்தைத் தூக்கவில்லை. யாரையாவது பிடித்திருக்கிறதா? அத்தை வீட்டில் நடந்த மாதிரி கடைசி நேரத்தில் தெரிய வேண்டாம். வேறு மதமாக இருந்தாலும் சொல்லு, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோயிலை மட்டும் விட்டுவிடாதே. இந்த இரண்டு வாரமும் இதே நினைப்புத்தான். பின்கட்டுக் கூரை ஒழுகுவதைக்கூட அப்பாவிடம் சொல்லவில்லை.

நேற்றுப் பூசையில் யோவான் 21. 153 மீன் என்று யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் பார், நம்ம எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற கிராணி மாதிரி. ஃபாதர் ஒன்று சொன்னார். பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னது கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு. அப்புறம் ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதும் கரி நெருப்புப் பக்கத்தில்தான். புதிய ஏற்பாடு முழுக்க இந்த இரண்டு இடத்தில்தான் கரி நெருப்பு வருகிறதாம். அதற்குமேல் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி சூசையப்பர் கோயில் வாசலில் புது நெருப்பு மூட்டினார்களே, நானும் கைப்பையை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தப் பையில் முழங்கால் வலிக்கு வைத்திருந்த பனடோல் அட்டை இருந்தது. முழு அட்டை பாப்பா, ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை.

நாம் கோயிலுக்குக் கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பங்களாதேஷ் பையன் நின்றான். போர்வையைச் சுற்றியிருந்தான். “அம்மா, டெமாம், பனடோல் அடா?” காய்ச்சல், பனடோல் இருக்கிறதா என்று, அவ்வளவுதான் கேட்டான். நான் “பேசோக், பேசோக்” என்று நாளைக்குத் தள்ளினேன். நல்ல சேலை, தலையில் பூ, அப்பா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நீ காரை விட்டு இறங்கி அவனிடம் போய்விட்டாய். நான்தான் “ஏறு, இடம் கிடைக்காது” என்று கத்தினேன். நீயும் ஏறினாய்.

இதற்குத்தான் நீ உட்கார்ந்திருந்தாயா? நான் போய் வாங்கினேனே.

இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்த உங்கள் தாத்தாவை நோய்த்தடுப்பு என்று ஜெரெஜாக் தீவில் அடைத்துவைத்ததும், பிறகு லயத்தில் காய்ச்சலோடு கிடந்தவருக்குக் மலாய்க் கிராமத்துப் பாட்டி கஞ்சி ஊற்றியதும் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 1882இல் ஃபே சாமியார் தமிழ் ஆட்களைக் குடிவைத்த ஊர், வந்தவனுக்கு இடம் கொடுத்த ஊர் என்று நீ பள்ளிக்கூடத்தில் பேசிப் பரிசு வாங்கினாய். எழுதிக் கொடுத்தது நான்.

நேற்றுச் சாயங்காலம் தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு அந்தப் பங்களாதேஷ் ஆட்கள் குவாட்டர்ஸுக்குப் போனேன். பத்து நாளைக்கு முன்னாலேயே அவனை எஸ்டேட்டில் வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த ஆள் என்று அவர்கள் கேட்டார்கள். மெலிந்த பையன், போர்வை போட்டவன் என்றேன். சிரித்தார்கள், அங்கே எல்லாரும் மெலிந்தவர்கள்தான். கொண்டுபோனதைத் திருப்பி எடுத்துவர மனசில்லை. ஒருவன் நின்றபடியே குடித்துவிட்டு, சட்டியைக் குழாயில் கழுவி, துடைத்துக் கொடுத்தான்.

நீ அவனிடம் போய் ஏதோ பேசினாயே, பெயர் கேட்டாயா? கேட்டிருந்தால் தம்பியிடம் எழுதிக் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை லாரி அந்த டிவிஷனுக்குப் போகிறது, அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

ஊறுகாயை வெயிலில் வை.

அம்மா