டப்பா எடுத்து வைத்த அம்மாக்களுக்கு

சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா. இந்த மூன்று இடங்களிலும் 2002-லிருந்து சில வருடங்கள் தங்கள் குழந்தையின் மலத்தை டப்பாவில் எடுத்து வைத்துக் கொடுத்த அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இந்த மடல். குழந்தைகளின் பேதி பற்றி வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி நடத்திய ஆய்வுக்காக, பிள்ளைக்குப் பேதி உண்டா என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு தடவை உங்கள் வாசலில் வந்து நின்றவள் நான், "டப்பாக்கார அக்கா" என்று கூப்பிடுவீர்களே, அதே ஆள்தான். இந்த நன்றியை அப்போதே முறையாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது மனசில் கிடந்துகொண்டே இருக்கிறது.

நீங்கள் செய்தது சின்ன உதவி இல்லை. மடியில் முறம், முறத்தில் வெட்டின இலையும் தூளும், எண்ணிக்கை முடிந்தால்தான் கூலி என்று பீடி சுற்றிக்கொண்டிருப்பீர்கள். நான் வந்ததும் முறத்தை இறக்கி வைத்து, கை கழுவி, கதவுக்குப் பின்னால் பேப்பரில் சுற்றி வைத்திருக்கும் டப்பாவை எடுத்து வந்து கொடுப்பீர்கள். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை வரும் குழாய்த் தண்ணீரில்தான் அந்தக் கையையும் கழுவ வேண்டும். நான் அதை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன், உங்களுக்கு எத்தனை பீடி குறைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"பேதி ஆனா கேக்குறீங்க சரி, நல்லா இருக்குற புள்ளையோடது எதுக்கு?" என்று எல்லா வீட்டிலும் கேட்டீர்கள். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இருந்ததில்லை, இப்போது சொல்கிறேன். குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பல பேருக்கு வெளியில் ஒரு அறிகுறியும் காட்டாமலே வந்துவிட்டுப் போகும். ஒரு குழந்தைக்கு அது மொத்தம் எத்தனை தடவை வந்தது, வந்தபிறகு அடுத்த தடவை எவ்வளவு தாங்கியது என்று தெரிய வேண்டுமானால் பேதி நாளில் எடுத்தது மட்டும் போதாது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்த அந்தச் சாதாரண நாள் டப்பாக்களும் வேண்டும். பிறந்ததும் சேர்ந்தவர்கள் 452 குழந்தைகள், மூன்று வருடமும் முழுதாக இருந்தவர்கள் 373 பேர். வாடகை வீடு மாறி, ஊர் மாறி நடுவில் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் டப்பாக்கள் சொன்னது 2011-ல் வெளிவந்தது. ஆறு மாதம் முடிவதற்குள் 56 சதவீதக் குழந்தைகளை அந்த வைரஸ் தொட்டுவிட்டிருக்கிறது. மெக்சிகோவில் இதேபோல் பார்த்தபோது இரண்டு தடவை வந்துபோன குழந்தைக்கு அப்புறம் கடுமையான பேதி வரவில்லை, இங்கே மூன்று தடவை வந்தபிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அதாவது நம் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது. தடுப்பு மருந்துக்கு வேறு நாட்டில் கிடைத்த பலனை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது என்பதை ஊருக்குக் காட்டியது உங்கள் தெருக்கள்தான். பின்னால் ரோட்டாவைத் தடுக்க வந்த ரோட்டாவாக் சொட்டு மருந்தைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மூன்று இடங்களில் டெல்லி, புனேயோடு வேலூரும் ஒன்று. கடுமையான ரோட்டா பேதியில் பாதிக்கு மேல் அது தடுத்தது. நூற்றுக்கு நூறு இல்லைதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கண் குழிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடினவர்களுக்குத் தெரியும் பாதி என்றால் எவ்வளவு என்று.

ஒரு பாட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். அம்மா பயந்துபோய் எது கொடுத்தாலும் கக்குகிறது என்று நிறுத்திவிட்டாள். இந்தப் பாட்டி ஓஆர்எஸ் கரைத்த சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலாடையால் ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய், கக்கினால் துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் இருந்து மறுபடியும், இப்படி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் நான் போனபோது குழந்தை ஒண்ணுக்குப் போய் பாட்டியின் புடவை நனைந்திருந்தது, அதைத் தொட்டுக் காட்டித்தான் என்னிடம் சிரித்தார். பயிற்சி வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ரோட்டா ஒன்றோடு முடியவில்லை என்பதையும் நீங்கள்தான் காட்டினீர்கள். ரத்தமும் சளியுமாகப் போகவைக்கும் ஷிகெல்லா, ஈ.கோலை வகைகள், நோரோ வைரஸ், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் என்று பேதிக் கிருமிகள் இன்னும் பல உண்டு. எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணம் என்று நாங்களும் நினைத்தோம். பின்னால் வேலூரிலேயே ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கிரிப்டோஸ்போரிடியம் அந்தக் குழந்தைகளையும் விடவில்லை. கிருமிக்குக் குடம் மட்டும் வழி இல்லை, கை, தரை, வாசல் சாக்கடை எல்லாமே வழி. உங்களைச் சுத்தமில்லாதவர்கள் என்று பேசினவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஐஸ் உருகுவதற்குள் பெட்டிகளைக் கொண்டுசேர்த்தவர்களுக்கும், முகம் சுளிக்காமல் அத்தனை டப்பாவையும் திறந்து பார்த்த லேப் பிள்ளைகளுக்கும் என் நன்றி.

2017-லிருந்து தமிழ்நாட்டில் அரசு தடுப்பூசி அட்டவணையிலேயே ரோட்டா சொட்டு மருந்து இருக்கிறது, 6, 10, 14 வாரத்தில், காசு இல்லாமல். போன மாதம் தடுப்பூசி போடும் இடத்தில் உங்களில் ஒருவரைப் பார்த்தேன். அன்றைக்கு நான் டப்பா வாங்கின பிள்ளை இப்போது தானே ஒரு தாய், ஆறு வாரக் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கிறாள். "இவளுக்காகத்தானே வந்துகினே இருப்ப?" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. குழந்தை சொட்டு மருந்தைச் சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, ஊசிக்கு மட்டும் வீறிட்டு அழுதது.