கவுன்சிலர் ஆகி என்ன கிழித்தாய் என்று கேட்டாயே

8 ஏப்ரல் 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் சந்தோஷம். மூட்டு வலிக்கு அந்தத் தைலம் பிரயோஜனமில்லை என்று எழுதியிருந்தாய், அதை நான் அப்போதே சொன்னேன். எல்லா நலமும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி வைத்திருந்தாய் பார், "கவுன்சிலர் ஆகி இவ்வளவு நாள் ஆச்சே, அப்படி என்னதான்டி கிழிச்சே?" என்று. பம்பாய்த் தண்ணீர் இத்தனை வருஷம் குடித்தும் உன் வாய் மாறவில்லை.

சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கிழிக்கிற அளவுக்கு என் கையில் அதிகம் கொடுக்கவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள். நம்ம பேரூராட்சியில் ஆளையும் பணத்தையும் வைத்து வேலை நடத்துகிறவர் அரசு போட்ட செயல் அலுவலர். தலைவர் இருக்கிறார், துணைத் தலைவர் இருக்கிறார். நாங்கள் மன்றக் கூட்டத்தில் பொருள் எண் ஒன்று, இரண்டு என்று வாசிப்பதைக் கேட்டு, பேசி, தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம். பெரிய வேலை என்றால் மதிப்பீடு மேலே போய் அனுமதி வாங்கி வர வேண்டும். எனக்கு மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய், அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். என் வார்டில் கல்யாணம், காதுகுத்து, சீர் என்று வருகிற பத்திரிகைகளுக்கு மொய் வைக்கவே அது பற்றாது.

நான் நின்றதே வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால்தான், உனக்குத் தெரியும். 2016இல் சட்டம் திருத்திப் பாதி இடம் பெண்களுக்கு என்றார்கள். ஆனால் அந்த அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் போய் நின்றது. அப்புறம் 2022 பிப்ரவரி 19 வரைக்கும் நம்ம ஊர் போன்ற 490 பேரூராட்சிகளிலும் தேர்ந்தெடுத்த ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது, அரசு போட்ட தனி அலுவலர்தான். அந்த வருஷங்களில் ரோடு போடாமலா இருந்தார்கள்? போட்டார்கள். குப்பை அள்ளினார்கள், லைட் எரிந்தது. ஆனால் நடுராத்திரி குழாய் உடைந்து தெருவில் ஆறு ஓடினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது தெரிகிறது. என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். என்ன கிழித்தேன் என்றால் இதுதான், கதவைத் திறந்தேன்.

சுற்றியுள்ள ஊராட்சிகளில் இந்த ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, அங்கே மறுபடி தனி அலுவலர் ஆட்சி வந்துவிட்டது. அந்தப் பக்கத்துச் சனங்கள் இப்போது சந்தைக்கு வரும்போது என்னிடம் வந்து அவர்கள் ஊர்த் தெருவிளக்கைப் பற்றிச் சொல்கிறார்கள். "ஏனுங்கம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்று. எனக்கு அங்கே என்ன அதிகாரம் இருக்கிறது? இருந்தாலும் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

வந்த புதிதில் எங்களுக்கு விழுந்த அடியைக் கேள். 2022 மார்ச் 2ஆம் தேதி பதவியேற்றோம். கழுத்து மாலை வாடுவதற்குள், ஏப்ரல் முதல் தேதி, சொத்து வரி உயர்வு என்று செய்தி வந்துவிட்டது. நம்ம மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேலே இரட்டிப்பு. பதினைந்தாவது நிதிக்குழு மானியம் வர வேண்டுமென்றால் வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. 2008க்குப் பிறகு ஒழுங்காக ஏற்றவே இல்லை. நடுவில் 2018இல் ஒரு தடவை ஏற்றி மறுவருஷம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கணக்கெல்லாம் நியாயம்தான். ஆனால் மன்றத்தில் தீர்மானம் போட வேண்டியது நாங்கள். ஓட்டுக் கேட்டுப் போன அதே வாசலில், "ஓட்டு வாங்கிட்டுப் போனீங்க, உடனே வரியை ஏத்திட்டீங்க" என்று கேட்டார்கள். நான் ஒளியவில்லை. உட்கார்ந்து, வரிப் பணம் எங்கே போகிறது என்று சொன்னேன். பாதிப்பேர் கேட்டார்கள், பாதிப்பேர் காபிகூடக் கொடுக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி, சந்தை ஏலம், பஸ் ஸ்டாண்ட் கடை வாடகை, கட்டணக் கழிப்பிட ஏலம் எல்லாம் சேர்த்தாலும் ஊரை நடத்தக் காணாது. மாநில நிதி ஆணைய மானியம் வந்தால்தான் சம்பளமும் கரண்ட் பில்லும் ஓடும். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகிற கரண்ட் செலவை முதன்முதலில் வரவு செலவு அறிக்கையில் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. நீயும் நானும் பஞ்சாயத்து லைட் என்றால் தானாக எரிகிறது என்றுதானே நினைத்தோம்.

நீ ஊரில் இருந்தபோது குப்பை என்றால் மூலைத் தொட்டி, அதைச் சுற்றி நாய். இப்போது தெருவில் தொட்டியே கிடையாது. காலையில் பேட்டரி வண்டி வரும், விசில் கேட்கும், மக்கும் குப்பை தனி, மக்காதது தனியாகக் கொடுக்க வேண்டும். 2016இலேயே விதி வந்துவிட்டது, நம் வீட்டுக்குள் வர எத்தனை வருஷம் ஆகிறது பார். நான் ஒரு நாள் தூய்மைப் பணியாளர் அக்காக்களோடு வளம் மீட்புப் பூங்காவுக்குப் போனேன். பெயரைக் கேட்டு ரோஜாச் செடி இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஷெட் போட்டு, தொட்டி தொட்டியாகக் கட்டி, மக்கும் குப்பையை உரமாக்குகிற இடம். அங்கே கொட்டியதும் முதல் வேலை, சேர்த்துக் கட்டிக் கொடுத்த பைகளைப் பிரிப்பது. சோற்றுப் பருக்கைக்குள் உடைந்த டியூப் லைட், குழந்தையின் டயப்பர், பேப்பர்கூடச் சுற்றாத நாப்கின், சர்க்கரை நோய்க்காரர் போட்டுக்கொண்ட ஊசி. கையுறை கொடுத்திருக்கிறோம். வெயிலில் வியர்த்து வழுக்கும், போட்டுக்கொண்டு பிரிக்க முடியவில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். ஓர் அக்கா விரலைக் காட்டினார், கண்ணாடி கிழித்து ஆறிய தழும்பு வரிசையாக இருந்தது. "வீட்டுல ரெண்டு பையில போட்டா எங்களுக்கு இந்த வேலையே இல்லைங்க" என்றார், கோபமே இல்லாமல்.

அவர்களில் பலரும் நிரந்தர வேலைக்காரர்கள் அல்ல, சுய உதவிக் குழு மூலம் தினக்கூலி. இந்தப் பக்கத்து மாவட்டங்களில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் வீட்டு ஆட்கள், அவர்கள் அம்மாவும் பாட்டியும் செய்த அதே வேலை. வண்டி புதிதாக வந்துவிட்டது, தள்ளுகிற கை மாறவில்லை. மன்றத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தர் "அதெல்லாம் பொருள் எண்ணில் இல்லை" என்றார். சம்பளம் தாமதமாகாமல் கொடுப்பது பொருள் எண்ணில் வந்தது, அதையாவது விடாமல் பிடித்தேன். இப்போது கூட்டம் தொடங்கியதும், நான் கேட்பதற்கு முன்பே கணக்கர் "சம்பளம் போட்டாச்சுங்க" என்று சொல்லிவிடுகிறார்.

தண்ணீர் விஷயம் உனக்குப் பிடிக்கும், நாம் குடம் தூக்கிய காலம் ஞாபகம் இருந்தால். ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது, உப்புத் தண்ணீர் நம்ம போரிலிருந்து. மேல்நிலைத் தொட்டியிலிருந்து திறந்துவிடுகிறவர்தான் ஊரிலேயே பெரிய அதிகாரி, தலைவர்கூட அவருக்கு அடுத்துதான். எந்த வால்வை எத்தனை சுற்று திறந்தால் மேட்டுத் தெருவுக்கு ஏறும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை, அவர் தலைக்குள் இருக்கிறது. தொட்டியில் குளோரின் கலந்தால் போதாது, கடைக்கோடி வீட்டுக் குழாயில் பிடிக்கும் தண்ணீரிலும் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், இருக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டு விட்டால் மஞ்சளாக வரும், அந்த நிறத்தைப் பார்த்து அளவு சொல்வார்கள். என் வார்டில் கடைசி வீடு யாருடையது தெரியுமா? நம்ம கணக்கு டீச்சர் குடியிருந்த அதே லைன் வீடு. டீச்சர் தை மாதம் தவறிவிட்டார். எரிவாயு தகன மேடையில்தான் எடுத்தோம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று அவர் மகனிடம் நானே சொல்லி, சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். நீ ஒரு வார்த்தை அவனுக்குப் போன் பண்ணு.

பெண் கவுன்சிலர் என்றால் வீட்டுக்காரர் பின்னாலிருந்து நடத்துவார் என்று ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா. இங்கேயும் சில வார்டுகளில் அப்படித்தான், கூட்டத்துக்கே வந்து பின் வரிசையில் உட்காருகிற வீட்டுக்காரர்கள் உண்டு. என் வீட்டுக்காரரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது வந்து "அண்ணன் இல்லைங்களா?" என்று கேட்டால், "சாக்கடைக்கு அவங்க, சாப்பாட்டுக்கு நான்" என்கிறார். உண்மையில் சாப்பாடும் பாதி நாள் ஓட்டல்தான்.

புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி நடந்தது. பேசியவர் எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டில்தான் ஆரம்பித்தார்கள். முதலாம் பராந்தகன் காலம், 919லும் 921லும் வெட்டியது, குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம். கேட்டுக் கேட்டுச் சலித்தாலும் அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் சொந்தக்காரனும் வர முடியாது. மாமன், மச்சான், சகலை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை இன்றைக்குப் போட்டால் எத்தனை ஊரில் மன்றம் கூடும் என்று பக்கத்து இருக்கை அம்மாவிடம் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன்தான் அதில் வரலாம் என்பதையும், பெண்பிள்ளைக்குப் பேச்சே இல்லை என்பதையும் மட்டும் மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. நீயும் நானும் அந்தக் குடத்தில் ஓலையாகவே விழுந்திருக்க மாட்டோம்.

2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் தடவையாகப் பகுதி சபை கூட்டினோம், வார்டு மக்களே உட்கார்ந்து குறை சொல்கிற கூட்டம். நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசச் சொன்னால் யாரும் பேசமாட்டார்கள் என்று பயந்தேன். ஆனால் ஒரே ஒரு வேகத்தடைக்காக முக்கால் மணி நேரம் சண்டை. இந்த வீட்டு வாசலில் வேண்டாம், அந்த வீட்டு வாசலில் போடு என்று. கடைசியில் இரண்டு வாசலுக்கும் நடுவில் போட்டோம், இப்போது இரண்டு வீட்டாரும் என்னோடு பேசுவதில்லை.

இனி உன் சங்கதிக்கு வருகிறேன். உங்கள் அப்பா வீடு பூட்டியே கிடக்கிறது. டெங்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் வாரா வாரம் வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாம் பார்த்து, கொசுப் புழுவைக் கொல்கிற அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். அந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணீரில் முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிவிட்டால் தொலைந்தது என்றும் நினைக்காதே, முட்டை காய்ந்தே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். உன் வீட்டுப் பின்கட்டில் மூடி உடைந்த தொட்டி ஒன்று இருக்கிறது, மாடியில் பழைய ஆட்டுக்கல் இரண்டு. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தண்ணீர் பளபளக்கிறது. மருந்து ஊற்றுகிற பெண்ணுக்குச் சுவர் ஏற வேண்டிய தலையெழுத்தா? போன ஐப்பசியில் உங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். உன் வீட்டிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. நோட்டீஸ் கதவில் ஒட்டியாயிற்று. தோழி வீடு என்று அதை நான் கிழிக்க முடியாது.

அதனால் சாவியைக் கூரியரில் எனக்கு அனுப்பு. தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, மூடி போட ஆள் வைக்கிறேன், செலவைக் கணக்கெழுதி அனுப்புகிறேன். இரண்டு அரையாண்டு வரியும் பாக்கி நிற்கிறது. தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி சேர்ந்துகொண்டிருக்கும். பாக்கியைத் தீர்த்துவிட்டு, இந்த அரையாண்டு வரியை ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கிறார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. ஆன்லைனிலேயே கட்டலாம், வரி விதிப்பு எண் பழைய ரசீதில் இருக்கும். கிடைக்காவிட்டால் என்னிடம் கேள், ஆபீஸில் பார்த்துச் சொல்கிறேன். உன் மருமகனிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை.

வசந்தா மகள் கல்யாணம் வைகாசியில், பத்திரிகை உனக்கும் வரும். வந்தால் லாட்ஜ் கீட்ஜ் என்று போகாதே, நம்ம வீட்டில் தங்கு. காலையில் மட்டும் வாசலில் ஆள் வருவார்கள், தூக்கம் கெடும், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கமலா