ஸ்டாம்ஃபோர்ட் சுவர்களில் இனி சிமெண்ட் வேண்டாம்

ஸ்டாம்ஃபோர்ட் நகரில் பழைய கல்வீடு வைத்திருப்போருக்கும், அங்கே தெருவைத் தோண்டி மூடும் ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம்.

லிங்கன்ஷயரின் தென்கோடியில், வெல்லண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் உங்கள் ஊர்தான் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் முதன்முதலாக, பழமை மாறாமல் காக்கவேண்டிய பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1960இல் புறவழிச்சாலை திறந்ததும் லண்டனிலிருந்து வடக்கே போகும் லாரிகளின் பெருங்கூட்டம் ஊருக்கு வெளியே போய்விட்டது. இடிப்பதற்கு இன்று யாரும் வரப்போவதில்லை. ஆபத்து பழுதுபார்க்க வரும் கைகளால்தான். தெருவோரச் சுவர் ஒன்றின் அடியில் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறக் கோடுகள் துருத்தி நிற்க, நடுவிலுள்ள கல் பொடிந்து உள்வாங்கியிருந்தால், அங்கே சிமெண்ட் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பார்னக், கெட்டன் என்று சுற்றுவட்டாரக் குவாரிகளில் வெட்டிய சுண்ணாம்புக்கல் உங்களுடையது. கெட்டன் கல்லை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் சினை போல நுண்மணிகள் தெரியும். மணிகளுக்கு இடையே துளைகள் உண்டு. மழையில் நீரை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்து கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இணைப்பில் இருக்கும்வரை ஈரமும் அதில் கரைந்த உப்பும் சாந்து வழியாகவே வெளியேறும். அரிப்பதும் சாந்தைத்தான், அதை மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் வைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டு, ஈரம் கல் வழியே உலர்கிறது. உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. பனி உறையும் இரவுகள் மிச்சத்தைச் செய்துவிடும்.

சிமெண்டை எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கிரைண்டரைத் தொடவே வேண்டாம். செங்குத்து இணைப்பில் மேலும் கீழும் உள்ள கல்லை வெட்டாமல் அந்த வட்டத் தகட்டை நிறுத்த முடியாது. அந்தக் கீறல் நிரந்தரம். மெல்லிய உளியும் சிறிய சம்மட்டியும் போதும். இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர் எடுத்துவிட்டு, தூசியைத் தட்டி, உட்புறத்தை நன்றாக நனையுங்கள். பிறகு 3.5 தர இயற்கை நீரியல் சுண்ணாம்பு (நீர் பட்டு இறுகும் வகை, NHL 3.5) ஒரு பங்குக்கு, பல அளவு மணிகள் கலந்த கூர்மணல் (முனை மழுங்காத கரடுமணல்) இரண்டரை முதல் மூன்று பங்கு. கட்டைவிரலால் அழுத்தினால் பதிய வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் முரட்டுத் தூரிகையால் குத்திவிட்டால் மேற்பரப்பு திறந்துகொள்ளும், மணல் தெரியும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயாமல் பாருங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் பருவத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அவசரத்தில் நவம்பரில் பூசியது பிப்ரவரியில் உதிர்ந்துவிட்டு, "சுண்ணாம்பு தாங்காது" என்று பழி வந்து சேரும்.

18ஆம் நூற்றாண்டு வீட்டு முகப்புகள் வேறு கதை. அங்கே செதுக்கிய கற்களுக்கு இடையே மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதில் இறுகிப்போன சிமெண்டைத் தோண்டினால் கல் விளிம்பும் கூடவே வரும். தானாகத் தளரும்வரை விட்டுவைப்பதே நல்லது.

அடுத்தது, குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு. சக்கரங்கள் வாரியடிக்கும் உப்புநீர் சுவரின் அடிப்பகுதியை நனைக்கிறது. இதற்கு நீர்விலக்கிப் பூச்சு அடிக்காதீர்கள். உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கி, மேல்தோலையே தகடாக உரித்துவிடும். வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்திருக்கும்போதே மென்மையான தூரிகையால் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

ஒப்பந்தக்காரர்களே, நடைபாதையில் பழைய தாரின் மேலேயே புதிய அடுக்கைப் போடாதீர்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள். தளம் ஒவ்வொரு முறை உயரும்போதும் வீட்டின் சுவர் அவ்வளவுக்குப் புதைகிறது, மழைநீர் கதவுப்படிக்கு வருகிறது. குழாய்க்காகக் கல்பாளங்களைப் பெயர்த்தால் முதலில் படம் எடுங்கள், சாக்கட்டியால் எண்ணிடுங்கள், படுக்கவைத்து அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள். தற்காலிகமாக மூடிய பள்ளத்தை ஆறு மாதத்துக்குள் நிரந்தரமாகச் சீர்செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. தார்த் திட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தால் எடுத்துவைத்த பாளங்கள் எங்கே என்பதே மறந்துபோகும்.

தெருவோர வார்ப்பிரும்புக்கும் அடிப்பாகம்தான் எதிரி. கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் 1935இல் வடிவமைத்த கே6 வகைச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஏறக்குறைய முக்கால் டன் எடை. அதன் அடியில் தாரை ஒட்டப் பூசினால் நீர் தேங்கும். துரு ஊதி வார்ப்பை வெடிக்கச் செய்யும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர்த்தேய்ப்பு கூடாது, நனைத்துத் தேய்க்கவும். மணலைப் பீய்ச்சியடித்துப் பெயிண்டை உரிப்பதும் வேண்டாம். மேற்புறத்துக் கிரீடச் சின்னத்தில் தடித்த பூச்சு அப்பிக் கிடந்தால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கரைப்பான். இரும்பு வெளியே தெரிந்த அன்றே துருத்தடுப்பு முதற்பூச்சு அடித்தாக வேண்டும்.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் பக்கத்து ஊரான காலிவெஸ்டனின் பெயரைக் கொண்ட கூரை ஓடு உண்மையில் சுண்ணாம்புக்கல்தான். தோண்டியெடுத்த பாளத்தை ஈரம் காயாமல் வெளியில் போட்டு, உறைபனி பிளந்து கொடுத்ததை ஓடாக்கினார்கள். பனி குறைந்த குளிர்காலங்களில் அது நடப்பதில்லை; அதனால் இப்போது குளிர்பதன அறையில் உறையவைத்தும் பிளக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் ஓடுகளைக் குப்பை லாரியில் ஏற்றலாமா? பெரும்பாலும் இற்றுப்போவது ஓட்டைத் தாங்கும் முளையும் மரச்சட்டமும்தான். இறக்கி, அளவுவாரியாகப் பிரித்து, பெரியது கீழே, சிறியது முகட்டில் என்று மறுபடி ஏற்றுங்கள். உட்புறம் நுரை பீய்ச்சி ஒட்டவைத்தால் ஓடுகளை மறுபடி எடுக்கவே முடியாது.

பாதுகாக்க வேண்டியதென்று அரசு பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் ஒப்புதல் வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம். உள்ளாட்சி அதிகாரியிடம் ஒப்புதல் கேட்கும்போதே சாந்தின் கலவை விகிதத்தையும் எழுதிக் கொடுங்கள், ஒரு சதுர மீட்டரில் மாதிரி பூசிக் காட்டுங்கள். அது காய்ந்து நிறம் தெரிந்த பிறகு மிச்சச் சுவரைத் தொடலாம்.

இப்படிக்கு,
கல்லும் சுண்ணாம்பும் அறிந்த சிலர்