அந்தப் பள்ளி கதிர்வீச்சால் இடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

2011 சுனாமியில் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமாவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இடிந்த பள்ளிக்கூடப் படத்தின் கீழே 'அணுக்கதிர் தின்ற பள்ளி' என்று போட்டிருக்கிறீர்கள். அது நமியே ஊரின் உகெதோ தொடக்கப் பள்ளி. 2011 மார்ச் 11 அன்று சுனாமி உடைத்த கட்டடம் அது. கதிர்வீச்சு ஒரு ஜன்னல் கண்ணாடியைக்கூட உடைக்காது. அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகளும் ஆசிரியர்களும் தூரத்துக் குன்றுக்கு ஓடி எல்லோரும் பிழைத்துவிட்டார்கள்.

ஜப்பானில் வேலை பார்ப்பவன் என்பதால் நானும் அங்கே போயிருக்கிறேன். 2021 முதல் அந்தப் பள்ளியை நினைவிடமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தளம் நடுவில் அப்படியே உள்வாங்கிக் கிடக்கிறது. மாடியில் கரும்பலகை நிறைய, மீட்புக்கு வந்த வீரர்களும் பழைய மாணவர்களும் பிறகு எழுதிவைத்த வரிகள்.

அணு உலை அந்த ஊருக்குச் செய்தது வேறு. சுனாமி வந்த இரவு, இடிபாடுகளுக்கு அடியில் உயிரோடு ஆட்கள் இருப்பது தீயணைப்பு வீரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விடிந்ததும் வரலாம் என்று போனார்கள். 12ஆம் தேதி காலை, உலையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. தேடுவதற்குத் திரும்ப ஒரு மாதம் ஆனது. தம்மவர்களை அப்படி விட்டுவிட்டு வந்த குடும்பங்களிடம் எந்தக் கதிர்வீச்சு மானியை நீட்டி அளப்பது?

கட்டுரையில் வரும் 'போனால் ஆபத்து' என்ற பயமும் கொஞ்சம் மிகை. இப்போது திறந்துவிட்ட இடங்களில் ஒரு நாள் சுற்றினால் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு, கண்டம் தாண்டும் ஒரு விமானப் பயணத்தில் ஏறுவதைவிடக் குறைவு. சாலையோரக் கருவிகளே அளவைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. காடுகள் கதை வேறு; வீடுகளை ஒட்டிய பகுதி தவிர அங்கே சுத்தம் செய்யவில்லை.

'ஆவி நகரம்' என்று நீங்கள் எழுதிய ஃபுதாபாவில் 2022 ஆகஸ்ட் முதல் மக்கள் மறுபடி குடியிருக்கிறார்கள். முன்பு 7,000 பேர் இருந்த ஊர்; இன்று 200 பேர் அளவில்தான். ரயில் ஓடுகிறது, புது வீடுகள் வந்திருக்கின்றன. பாழடைந்த வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து வருவதால் தெருக்கள் நெடுக வெறும் மனைகள்தான். படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான். உலையிலிருந்து வெளியேறிய கதிரியக்கப் பொருளான சீசியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும்; கழுவினால் போகாது. அதனால் வயல்களிலும் வீட்டு முற்றங்களிலும் மேல்மண்ணைச் சுரண்டிக் கறுப்புப் பைகளில் அடைத்தார்கள். அப்படிச் சேர்ந்த சுமார் 1.4 கோடி கன மீட்டர், உலையைச் சுற்றி ஓகுமா, ஃபுதாபா ஆகிய இரண்டு ஊர்களில் 16 சதுர கிலோமீட்டரில் கிடக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் வீடும் வயலுமாக இருந்த இடம்தான். 2045க்குள் ஃபுகுஷிமா மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோவதாகச் சட்டமே இருக்கிறது. எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்த உலையின் மின்சாரம் முழுக்க டோக்கியோ வட்டாரத்துக்குப் போனது. அதன் மண்ணை வாங்கிக்கொள்ள மட்டும் ஆள் இல்லை. 2025இல் பிரதமர் அலுவலகத் தோட்டத்திலும் டோக்கியோவின் சில அரசு அலுவலகப் பூந்தோட்டங்களிலும் கொஞ்சம் போட்டுக் காட்டினார்கள்.

முன்பதிவு செய்தால் அந்தச் சேமிப்பிடத்துக்குள் பார்வையாளர்களை அழைத்துப் போகிறார்கள். அடுத்து யாரை அனுப்பினாலும் அதற்கு ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்.

தங்கள் வாசகர்,
யோகோஹாமா