உறுமட்டும், விடுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் நீங்கள், "ஒன்று முடியாமல் கிடக்கிறது, இன்னொன்று எதற்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை என்னிடம் கேட்டுப் பயனில்லை. வீட்டுக்காரம்மாவின் கிழட்டு நாய் புரூனோவுக்குத் துணை வந்தால் தெம்பு வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவருடைய மகள் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பகலில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், இரண்டுக்கும் காவல் என் தலையில் விழுந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. வேலை தவிர யாரோடும் பேச்சில்லாத இந்த ஊரில், தெருவில் என்னை நிறுத்திப் பேசுகிறவர்கள் எல்லோரும் புரூனோவை விசாரிக்கத்தான் நிற்கிறார்கள்.

அவனுக்கு வயது 13. இடுப்பு மூட்டில் தேய்மானம், சிறுநீரகக் கோளாறு, போதாததற்குக் காதும் மந்தம். இப்படிப்பட்டவனுக்குத் துள்ளும் குட்டி துணையல்ல, சோதனை. வலிக்கிற இடுப்பில் ஓடிவந்து மோதினால் எவ்வளவு சாதுவான நாயும் கடித்துவிடும்.

முதலில் மருத்துவரிடம் போனோம். குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கும் தடுப்பூசியை, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும். குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் பொல்லாதது. அதனால் ஊசிகள் முடியும்வரை வெளிநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். புரூனோவின் ஊசிகள் காலாவதியாகவில்லையா என்றும் பார்த்துக்கொண்டோம்.

நேரில் காட்டுவதற்கு முன்பே குட்டி படுத்த துணியைப் புரூனோவிடமும், அவனுடையதைக் குட்டியிடமும் போட்டுவைத்தோம். முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வீடு அவனுடைய எல்லை அல்லவா? நாய் வளர்க்காத பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், இரண்டையும் வாரில் பிடித்து, வாரைத் தளர்த்தியபடி சற்றுத் தள்ளித் தள்ளி நடத்தினோம். புரூனோ ஒருமுறை மோந்தான், தன் மூக்கை நக்கிக்கொண்டான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். போதும் என்கிறான். அத்தோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டுக்குள் இப்போது ஒரு தடுப்புக் கதவு இருக்கிறது. ஆள் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடுவதே இல்லை. அப்படியும் ஒரு நாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே, குட்டி வாலைக் குறிவைத்துப் பின்பக்கமாகத் தவழ்ந்து போனது. காது கேட்காதவன் திடுக்கிட்டுத் திரும்பினான். மேலுதடு மட்டும் மெல்ல உயர்ந்தது, மஞ்சளேறிய கோரைப்பல் தெரிந்தது, நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது. குட்டி அப்படியே மல்லாந்து வயிற்றைக் காட்டிவிட்டது. வீட்டுக்காரம்மா ஓடிவந்து புரூனோவை அதட்டப் போனார். திட்டாதீர்கள் என்று தடுத்தேன். உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்கு அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும். அதட்டிக் கூப்பிட வேண்டியது குட்டியைத்தான்.

சாப்பாட்டில்தான் பெரிய தொல்லை. புரூனோவுக்குப் பாஸ்பரஸும் புரதமும் குறைத்த சிறுநீரக உணவு. வளரும் குட்டிக்கு இரண்டும் தாராளமாக வேண்டும். ஒருவர் தட்டில் மற்றவர் வாய்வைத்தால் இருவருக்கும் கெடுதல். எனவே தனித்தனி அறை, மூடிய கதவு, சாப்பிட்டு முடித்ததும் தட்டு மேலே போய்விடும். அவனுடைய வலி மாத்திரை தரையில் விழுந்தால் உடனே தேடி எடுக்கிறேன். குட்டிக்குக் கண்ணில் படுவதெல்லாம் தீனி.

குட்டிகள் நாளில் 18 மணி நேரத்துக்கும் மேல் தூங்கக்கூடியவை என்பது கடவுள் புண்ணியம். தூக்கம் கெட்டால் அதன் அட்டகாசம் தாங்காது. அது கூண்டில் தூங்கும் நேரத்தில் புரூனோவை மட்டும் மெதுவாக நடத்திக் கூட்டிப்போகிறேன். இங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பனியில் அவன் பின்னங்கால் வழுக்குவதால் தூரம் போவதில்லை. திரும்பி வந்ததும் முதல் தடவல் அவனுக்குத்தான், குட்டி எவ்வளவு கத்தினாலும்.

இரண்டும் நண்பர்களாகிவிட்டனவா என்று அம்மா கேட்பாள். இல்லை, ஆகவேண்டிய அவசியமும் இல்லை. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் படுக்கின்றன. எனக்கு அது போதும். புரூனோ சாப்பாட்டைக் குறைத்தாலோ, ஒளிந்துகொள்ளத் தொடங்கினாலோ, குட்டியைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவதாக மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதை நான்தான் கேட்டு வாங்கினேன்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்