வடு இறக்கியாச்சு

அம்மாடி செல்வி,

கிணத்தடி மாமரத்துல மாவடு இறக்கியாச்சு. நாலு கிலோ தேறுச்சு. ஒட்டு மரத்துல கை வைக்கலை, அது பழத்துக்கு. நார்த்தங்காயைச் சுருள் சுருளா அரிஞ்சு உப்பு அடைச்சு மூணு நாள் ஊற வச்சேன், இப்போ மாடியில காயுது. பகல்ல வெயில், ராத்திரி திரும்ப அதே உப்புத் தண்ணி. தண்ணி முழுக்க உள்ளே போனதும் எடுத்து வச்சுடலாம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு.

உனக்கு வேலை அதிகம், அதான் போன் பண்ணலைன்னு அப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

இந்த வருஷம் நீயே ஒரு கிலோ வடு ஊறுகாய் போடு. அங்க சந்தையில கிடைச்சா உருண்டையா, ஒரே அளவா பார்த்து வாங்கு. ஒண்ணைக் கத்தியால வெட்டிப் பாரு. கொட்டையும் சேர்ந்து சுலபமா அறுபடணும். கொட்டை கெட்டியாயிட்டா அது மாங்காய், வடு இல்லை. காம்பைக் கால் விரக்கடைக்கு விட்டு நறுக்கு, அடியோட பிய்க்காதே. பிய்ச்ச இடத்துல தண்ணி இறங்கி வடு கொழகொழன்னு ஆயிடும். காம்புப் பாலுக்குத்தான் அந்த வாசனையே.

கழுவித் துணியில துடைச்சு நிழல்ல ஒரு மணி நேரம் பரப்பு. ஈரம் கூடாது. ரெண்டு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு எல்லாத்து மேலயும் படுற மாதிரி பிசறு. அப்பதான் தோல் முரடாகாம சுருங்கும். கல் உப்பு 200 கிராம், நிறுத்துப் போடு. பொடி உப்பு வேண்டாம், தண்ணி கலங்கிடும். உப்பைக் குறைச்சா உடம்புக்கு நல்லதுன்னு மாப்பிள்ளை சொல்லுவார். குறைச்சா வடு கெட்டுடும். தின்னும்போது ரெண்டு குறைச்சுத் தின்னச் சொல்லு.

பீங்கான் ஜாடியில வடு ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. ஜாடி வாயைத் துணியால வேடு கட்டி, காலையும் சாயங்காலமும் குலுக்கு. ஒரு வாரம் பத்து நாள்ல தண்ணி விட்டு, வடு கிழவி கன்னம் மாதிரி சுருங்கும். அப்புறம் காஞ்ச மிளகாய் 40 கிராம், கடுகு 25 கிராம், விரலி மஞ்சள் சின்னத் துண்டு, மூணையும் வெயில்ல காய வச்சுப் பொடிச்சு, அந்த உப்புத் தண்ணியிலேயே கரைச்சு ஊத்து. பச்சைத் தண்ணி ஒரு சொட்டு சேர்க்காதே. வடு தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும், மிதக்கிறதுலதான் முதல்ல பூசணம் பூக்கும். சின்ன பீங்கான் தட்டைக் கவுத்து வை. எடுக்கிறதுக்கு மரக்கரண்டி. ஈரக் கை கூடாது.

மேல வெள்ளையா ஆடை மட்டும் படிஞ்சா பயப்படாதே. வழிச்சுப் போட்டு, தண்ணியை வடிச்சுக் கொதிக்க வச்சு, நல்லா ஆற வச்சு, ஒரு கை உப்பு சேர்த்துத் திரும்ப ஊத்து. பச்சையா, கறுப்பா பஞ்சு மாதிரி பூத்தா ஜாடியோட கொட்டு, மேலே உள்ளதை மட்டும் எடுத்துட்டுச் சாப்பிடாதே. பல பேர் அப்படித்தான் செய்றாங்க. ஈரக் கை கூடாதுன்னு சொன்னேன்ல.

நீ சின்னதுலேயே நார்த்தங்காயை அறுபடாம சுருள் எடுத்தவ. எனக்கே அவ்வளவு நீளம் வராது. அந்தக் கை இருந்தும் மூணு வருஷமா என்கிட்ட வாங்கித்தான் சாப்பிடுறே.

போன வருஷம் ஜாடி கெட்டுப்போச்சுன்னு நீ சொன்னதும், ஸ்பீக்கர்ல உன் மாமியார் இருக்காங்கன்னு தெரிஞ்சும், நீதான் ஈரக் கையை விட்டிருப்பேன்னு கத்தினேன். ஈரக் கை இல்லைம்மா. அந்த வாரம் காத்துல வடு நிறைய உதிர்ந்துச்சு. வீணாப் போகுதேன்னு பொறுக்கி, பறிச்சதோட கலந்துட்டேன். விழுந்ததுல அடிபட்டிருக்கும், வெளியே தெரியாது. அந்த இடம் முதல்ல அழுகி ஜாடியையே கெடுக்கும். எங்க அம்மா அதைத் தொட விடமாட்டா. தெரிஞ்சேதான் போட்டேன். இங்க வச்சிருந்த ஜாடியும் நீ சொன்ன மறுவாரமே பூத்துது. உங்கப்பாவுக்குக் கூடத் தெரியாம தென்னைக்கடியில கொட்டினேன். உனக்குச் சொல்லலை.

இந்தத் தடவை ஒண்ணுவிடாம கையால பறிச்சது. பக்கத்து வீட்டுத் தம்பி பங்குனி கடைசியில அங்க வருது, ரெண்டு கிலோ கொடுத்தனுப்புறேன். அந்தப் பழைய ஜாடியைத் தூக்கிப் போட்டிருந்தா பரவாயில்லை, போடலைன்னா வெந்நீர் ஊத்திக் கழுவி ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வை. இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு, இல்லைன்னா இங்கேயிருந்தே ஒண்ணு வாங்கி அனுப்பணும்.

அம்மா